ஆட்சியும் ஆவணமும்

திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பெருவழியில் நாங்குநேரி என்னும் பேரூர் உளது. நான்கு ஏரிகள் சூழ்ந்தமையின் இப்பெயர் பெற்றது என்பர். நம்மாழ்வார் பாடிய வானமாமலைத் திருக்கோயிலும், அங்குள்ள எண்ணெய்க் கிணறும், ஊரை அடுத்த பெரிய குளமும் இதன் பெயரைத் தொலைவிலுள்ளாரும் அறியச் செய்வன. வட்டத்தின் தலைமையூர் ஆதலின், பட்டா வேண்டியும், பத்திரம் பதியவும், வழக்குப் பற்றியும் களக்காடு, ஏர்வாடி, திருக்குறுங்குடி முதலிய ஊர்களின் மக்கள் இவ்வூரை நாடி வருதல் வழக்கம். அங்ஙனம் வருவோர் கையில் உள்ள துணிப்பையை நோக்கினால், பெரும்பாலும் அதனுள் மடித்து மடித்து மஞ்சளேறிய தாள்கள் சில இருக்கும். ஒரு குடும்பத்தின் வீடும் வயலும் அத்தாள்களில் அடங்கியுள்ளன.

எழுதி வைத்தல் என்னும் வழக்கம் இவ்வூர்க்குப் புதியதன்று. எட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆண்ட பாண்டியன் நெடுஞ்சடையன், தன் பதினேழாம் ஆட்சியாண்டில், தென்களவழி நாட்டிலுள்ள வேலங்குடி என்னும் ஊரைச் சீவரமங்கலம் எனப் பெயர் மாற்றி, மகத நாட்டிலிருந்து வந்த ஓர் அந்தணர்க்கு அளித்தான். அக்கொடை செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. நாங்குநேரிக்குச் சிரீவரமங்கை என்பது பழம்பெயர் ஆதலின், செப்பேடு கூறும் சீவரமங்கலம் இவ்வூரே என ஆராய்ச்சியாளர் கருதுவர். கொடுத்தவன் யாவன், பெற்றவன் யாவன், கொடுத்த பொருள் யாது, அதன் நான்கெல்லை யாவை, அரசன் ஆணையை நிறைவேற்றியவன் யாவன், எழுத்தைப் பொறித்தவன் யாவன் என்பன அனைத்தும் அதன்கண் உள. இன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதப்பெறும் கிரயப் பத்திரத்திலும் இவையே வேண்டப்படுகின்றன. அக்காலத்தில் பெண்யானையை எல்லை வழியே நடத்திச் சென்று நிலத்தை வரையறுப்பர். அதனைப் பிடி சூழ்தல் என்ப. இன்று நில அளவர் சங்கிலியும் கருவியும் கொண்டு அளந்து கல் நடுகின்றார். யானை போய்க் கல் வந்தது. எல்லை சொல்ல வேண்டும் என்னும் விதி போகவில்லை.

அவ்வரசனுடைய வேறொரு செப்பேட்டில் ஒரு நிலவழக்கே காணப்படுகிறது. அது வேள்விக்குடிச் செப்பேடு. தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதியிலுள்ள கொற்கையைச் சார்ந்தவன் நற்கொற்றன் என்பான். அவனுக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி வேள்விக்குடி என்னும் ஊரை அளித்தான். பின்னர்க் களப்பிரர் ஆட்சியில் அவ்வூர் கைமாறிற்று. பல தலைமுறை கழிந்தபின் அக்குடியில் வந்த நற்சிங்கன் நெடுஞ்சடையன் முன் நின்று முறையிட்டான். அரசன் உடனே இரங்கி எடுத்துக் கொடுத்துவிடவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. ஊர் முன்னர்த் தம்முடையதாய் இருந்தமையைச் சான்று கொண்டு காட்டுக என்றான். அவ்வாறே காட்டப்பட்டபின் ஊர் மீளக் கிடைத்தது. அரசனே நடுவனாயினும் சான்றின்றித் தீர்ப்பில்லை என்பது இதனால் விளங்கும்.

அச்சான்று எத்தகையது? பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது. முதியவர் ஒருவர் மணப்பந்தலில் வந்து, சுந்தரர் தம் அடிமை என்றும் அதற்கு ஓலை உண்டு என்றும் வழக்கிடுகின்றார். சினங்கொண்ட சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்துவிடுகின்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அவையத்தார், ஒரு வழக்கை நிறுவுதற்கு ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூன்று வழி உள என்கின்றனர். கிழிக்கப்பட்டது படி ஓலையே, மூல ஓலை தம்மிடம் உளது என்று முதியவர் கூறி அதனை நீட்டுகின்றார். அதிலுள்ள எழுத்துச் சுந்தரரின் பாட்டனார் எழுத்துத்தானா என்று அறிய, அவர் எழுதிக் காப்பில் வைக்கப்பட்டிருந்த வேறோர் ஓலையை வருவித்து ஒத்துப் பார்க்கின்றனர். சேக்கிழார் சமயநூல் பாடினாரேனும், சோழப் பேரரசின் அமைச்சராய் இருந்தவர் ஆதலின், நீதிமன்ற நடைமுறையை நேரில் அறிந்தே பாடினார் எனலாம். மூலத்தைக் காட்டுக என்பதும், கையெழுத்தை ஒப்பிட்டுக் காண்பதும் இன்றும் நீதிமன்றங்களில் நிகழ்வன. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இவை இருந்தன; 2024 சூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சியச் சட்டத்திலும் இவை உள.

ஆவணம் என்னும் சொல்லுக்குச் சங்க நூல்களில் கடைத்தெரு என்னும் பொருளும் உண்டு. எழுத்தும் வாணிகமும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல் நயமானதே. கல்வெட்டுகளில் விலையாவணம், இசைவுத்தீட்டு, ஒற்றி முதலிய சொற்கள் பயின்று வருகின்றன. ஒற்றி என்பதே இந்நாளில் ஒத்தி என மக்கள் வாயில் வழங்குவது.

இனி ஆவணத்தின் ஆற்றலை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். உழவர் ஒருவர் களக்காட்டுச் சாலையருகே ஒரு வாழைத்தோட்டத்தை விலைக்கு வாங்குகிறார் எனக் கொள்வோம். விற்பவர் உறவினர். பத்திரச் செலவு மிகுதி என்று எண்ணி, ஒரு தாளில் பணம் பெற்றதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகின்றனர். உழவர் பத்தாண்டு பயிரிடுகின்றார். விற்றவர் இறந்தபின் அவர் மக்கள் அதே நிலத்தை வேறொருவர்க்குப் பதிவுப் பத்திரத்தால் விற்றுவிடுகின்றனர். உழவர் கையிலுள்ள தாள் எத்துணை உண்மையாய் இருப்பினும், நிலத்தின் உரிமை அதனால் அவர்க்கு வந்ததாக நீதிமன்றம் ஏற்காது. 100 ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நிலமும் வீடும் பதிவு செய்த பத்திரத்தாலேயே விற்கப்படல் வேண்டும் என 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் விதிக்கின்றது. அங்ஙனம் பதிய வேண்டிய பத்திரம் பதியப்படாது போயின், அது சொத்தைப் பாதிக்காது என 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுகின்றது. 1882இல் 100 ரூபாய் பெரும்பொருள். இன்று ஒரு வேளை உணவுக்கே அது போதாது. தொகை மாற்றப்படாமையால், இப்போது ஏறத்தாழ எல்லா நிலமும் இவ்விதிக்குள் அடங்குகின்றது.

எழுதிய பத்திரத்தை நான்கு மாதத்திற்குள் சார்பதிவாளர்முன் கொண்டு செல்லல் வேண்டும். தவிர்க்க இயலாத காரணத்தால் காலந்தாழ்ந்தால், தண்டத்தொகை செலுத்தி மேலும் நான்கு மாதத்திற்குள் பதியலாம். அதன்பின் வழியில்லை. பதிந்தபின் அப்பத்திரம் பதிந்த நாளிலிருந்தன்று, எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்தே செயற்படும். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தால் விற்பனை உடன்படிக்கையும் பதிய வேண்டியதாயிற்று. அதிகார ஆவணம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு அதனையே விலைப்பத்திரம்போல் கருதும் வழக்கம் நகர்ப்புறங்களில் பெருகியிருந்தது. அத்தகைய ஆவணத்தால் உரிமை மாறாது என 2011ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது.

வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டுவது வில்லங்கச் சான்று. ஒரு நிலத்தின்மேல் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை விற்பனை, அடைமானம் முதலியன எவையெவை பதிவாகியுள்ளன என்பதை அது காட்டும். ஆயினும் பதியப்படாத உயில் அதில் தோன்றாது. உயிலைப் பதிந்தே ஆக வேண்டும் என்னும் விதி இல்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினையும் தோன்றாது. ஆதலின் தாய்ப்பத்திரம் தொடங்கி ஒவ்வொன்றாய்ப் படித்து வருதலும், அண்டை நிலத்தாரைக் கேட்டறிதலும், சேக்கிழார் கூறும் அயலார் காட்சிபோல, இன்றும் தவிர்க்கலாகாதவை. மகளிர் பங்கினை மறத்தல் பெரும்பிழை. தமிழ்நாட்டில் 1989 முதலும், இந்தியா முழுவதும் 2005 முதலும், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடொத்த பங்கு உண்டு. உடன்பிறந்தாள் கையெழுத்தின்றி ஆண்மக்கள் மட்டும் விற்ற நிலம் பின்னர் நீதிமன்றத்தில் நெடுங்காலம் கிடந்து உழலுதல் கண்கூடு.

பட்டா இருக்கின்றதே, வேறென்ன வேண்டும் என்று பலர் வினவுவர். பட்டா என்பது நிலவரி செலுத்தவேண்டியவர் இன்னார் என்று வருவாய்த்துறை எழுதி வைத்துள்ள கணக்கு. அது உரிமைக்குத் துணைச்சான்று ஆகுமேயன்றி, உரிமையைத் தானே பிறப்பிப்பதன்று. இதனை நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. எனினும் பத்திரம் பதிந்தும் பட்டா மாற்றாது விடுவோர், அடங்கலில் தம் பெயரின்றிக் கடனுக்கும் இழப்பீட்டிற்கும் அலைவர். 1980ஆம் ஆண்டு வரை கணக்கப்பிள்ளை ஊர்க்கணக்கை எழுதினார். அவ்வாண்டில் அம்முறை ஒழிக்கப்பட்டு, அரசு ஊழியராகிய கிராம நிர்வாக அலுவலர் பின்னர் அமர்த்தப்பெற்றார். யார் எழுதினும் எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டியவர் நிலத்தின் உரிமையாளரே.

ஆட்சி என்பதைப் பற்றி ஊரில் ஒரு தவறான கருத்துப் பரவியுளது. பன்னிரண்டு ஆண்டு ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்துவிட்டால் அவ்வீடு குடியிருந்தவர்க்கே உரியதாகிவிடும் என்பர். இதற்கு அஞ்சியே சில வீட்டுக்காரர், நல்ல குடித்தனக்காரரையும் சில ஆண்டுகளில் வெளியேற்றிவிடுகின்றனர். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் பன்னிரண்டு ஆண்டு என்னும் கணக்கு உண்டு, பொய்யன்று. ஆனால் அஃது உரிமையாளர்க்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாது, தமதே என்று கூறி ஆண்டவர்க்கு உரியது. வாடகை கொடுத்து இருப்பவர் வீட்டுக்காரரின் இசைவினால் இருப்பவர். முப்பது ஆண்டு இருப்பினும் இசைவு இசைவே. அது பகைமை ஆட்சி ஆகாது. வாடகைக்குப் புகுந்தவர், புகும்போது வீட்டுக்காரர்க்கு உரிமை இருந்ததை, அவ்வாடகை நீடிக்கும் வரை மறுத்துரைக்கவும் இயலாது. ஆகவே இருசாராரும் இவ்வச்சத்தை விடலாம்.

வாடகைச் சீட்டில் பதினொரு மாதம் என்று எழுதுவது ஏன் என்னும் வினாவும் அடிக்கடி எழுவதே. ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு விடும் குத்தகை பதிவுப் பத்திரத்தால் அமைதல் வேண்டும் என்று சொத்து மாற்றச் சட்டம் கூறுகின்றது. அச்செலவைத் தவிர்க்கவே மக்கள் ஒரு மாதம் குறைத்து எழுதினர். சூழ்ச்சி என்று இதனைச் சொல்ல வேண்டுவதில்லை. சட்டம் விட்ட வாயிலில் நுழைந்தனர். சென்னை மாநிலத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து வீட்டுப் பஞ்சத்தால் வாடகைக் கட்டுப்பாடு தோன்றி, 1946, 1949, 1960ஆம் ஆண்டுச் சட்டங்களாக வளர்ந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நிலவியது. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதனை நீக்கிற்று. இதன்படி, நகர்ப்பகுதிகளில் எத்துணைக் குறுகிய காலத்துக்கு விடினும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். பதினொரு மாதத் தந்திரத்திற்கு இங்கு இடமில்லை. ஒப்பந்தத்தில் வேறு வகையாக உடன்படாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்டல் முறையன்று. வாடகைக்கு இரசீது கொடுத்தல் வேண்டும். பிணக்கு நேர்ந்தபோது வீட்டுக்காரர் குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்துதல் கூடாது. பூட்டிய வீட்டை உடைத்துப் பொருள்களைத் தெருவில் இடுதலும் கூடாது. வெளியேற்ற வேண்டின், வாடகை நீதிமன்றத்தின் ஆணை பெற்றே வெளியேற்றல் வேண்டும். வாடகை நிலுவை, இசைவின்றிப் பிறர்க்கு உள்வாடகை விடுதல், வீட்டைத் தவறாகப் பயன்படுத்தல் முதலியன அதற்குரிய காரணங்கள்.

தென்பாண்டி நாட்டில் வாடகையினும் ஒத்தி மிகுதி. வீட்டுக்காரர் ஒரு பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டு வீட்டை ஒப்படைப்பார். பணம் கொடுத்தவர்க்கு வட்டி இல்லை. வீட்டுக்காரர்க்கு வாடகை இல்லை. தவணை முடிந்து தொகையைத் திருப்பித் தந்தால் வீடு மீளும். மகள் திருமணத்திற்கோ மகன் படிப்பிற்கோ பணம் வேண்டுவார்க்கு இஃது எளிய வழி. ஆனால் சட்டத்தின் கண்ணில் இது வெறும் குடியிருப்பன்று. அனுபவத்தோடு கூடிய அடைமானம். ஆகவே 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி, இரு சாட்சிகள் கையெழுத்திட்டுப் பதிவு பெறல் வேண்டும். முத்திரைத்தாளில் எழுதியதே போதும் என்று இலட்சக்கணக்கில் பணம் கொடுத்தவர், அதே வீடு வங்கியில் அடைமானமாய் இருப்பதைப் பின்னர் அறிந்து கையறு நிலையில் நிற்பது உண்டு. வில்லங்கம் பாராது ஒத்திக்குப் போதல், ஆழம் அறியாது குளத்தில் இறங்குவது போன்றது. மறுபுறம், தவணை கடந்தமையால் வீடு ஒத்திக்காரர்க்கே உரியதாகிவிடாது. தொகையைச் செலுத்தி வீட்டை மீட்கும் உரிமை வீட்டுக்காரர்க்கு நிலைத்திருக்கும் என்று 2014ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது.

நஞ்சைக் குத்தகை வேறு வகைப்பட்டது. தம் உடலுழைப்பால் பிறர் நிலத்தைப் பயிரிடும் குத்தகைதாரரை, நினைத்தபோது இறக்கிவிடாதபடி 1955ஆம் ஆண்டுச் சட்டம் காக்கின்றது. குத்தகை நிலுவை, நிலத்தைப் பாழ்படுத்தல், உரிமையாளரின் உரிமையை மறுத்தல் போன்ற காரணங்கள் இருந்தாலன்றி வெளியேற்றம் இல்லை. அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு 1969ஆம் ஆண்டில் தனிச்சட்டம் வந்தது. பெயர் ஏறாத உழவர், தலைமுறைகளாக உழுதும், கேட்டபோது காட்டுவதற்கு ஒன்றும் இல்லாதவராய் நிற்பர். கோயிலுக்கும் மடத்துக்கும் உரிய நிலமாயின் இன்னொரு விதியும் உண்டு. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகையும், விற்பனையும், அடைமானமும், அறநிலையத்துறை ஆணையரின் இசைவின்றிச் செல்லா என்பது 1959ஆம் ஆண்டுச் சட்டம். கோயில் மனையில் வீடு கட்டியோர் தமக்குள்ளே எழுதிக்கொள்ளும் விற்பனைச் சீட்டுகள், மனையைப் பொறுத்தவரை வெற்றுத் தாளே.

கடைவீதி வழக்குகள் பெரும்பாலும் நட்பில் தொடங்குகின்றன. இருவர் சேர்ந்து கருப்பட்டிக் கடையோ வாழைத்தார் மண்டியோ வைப்பர்; ஒருவர் பணம் போடுவார், மற்றவர் உழைப்பார். எழுதிக்கொண்டால் நம்பிக்கை இல்லை என்று பொருளாகிவிடுமோ எனக் கூசுவர். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வாய்ச்சொல்லால் அமைந்த கூட்டும் கூட்டே. ஆயின் அதனைப் பதியாதவரை, கூட்டாளி தம் பங்குக்காக ஒப்பந்த அடிப்படையில் மற்றவர்மேல் வழக்கிடுதல் இயலாது. கடை தன் வாணிகக் கடனுக்காக வெளியார்மேல் வழக்கிடுதலும் இயலாது. கடையைக் கலைத்துக் கணக்குப் பார்க்க மட்டும் நீதிமன்றத்தை நாடலாம். கடனோ ஒருவரோடு நில்லாது. ஒரு கூட்டாளி கடையின் பெயரால் வாங்கிய கடனுக்கு மற்றவருடைய வீடும் பொறுப்பாகும். இதனை அறியாது பெயர் மட்டும் கொடுத்துப் பின்னர் வருந்துவோர் பலர்.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பது பழமொழி. எழுதிய கடனுக்கும் காலக்கணக்கு உண்டு. கேட்டவுடன் தருவதாக எழுதிய கடன் உறுதிச்சீட்டின்மேல், எழுதிய நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்கிடல் வேண்டும். அக்காலத்துக்குள் கடனாளி ஒரு பகுதியைச் செலுத்தி அதனைத் தம் கையால் எழுதிக் கையெழுத்திட்டாலோ, கடன் உண்டென எழுத்தால் ஒப்புக்கொண்டாலோ, அந்நாளிலிருந்து மூன்றாண்டு புதிதாய்த் தொடங்கும். மூன்றாண்டு முடிந்த மறுநாள் வந்து கெஞ்சினும் நீதிமன்றம் கைகொடாது. வருவாய் முத்திரை ஒட்டாத உறுதிச்சீட்டு, ஏனைய பத்திரங்களைப்போல் பின்னர்த் தண்டம் கட்டி உயிர்ப்பிக்கக் கூடியதும் அன்று. ஒரு சிறு வில்லைக்காகப் பெருந்தொகை போவது இவ்வாறே.

வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பொருளில்லாதார் என் செய்வர்? 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வட்டந்தோறும் சட்டப்பணிகள் குழு அமைத்தற்கு வழி செய்யப்பட்டுள்ளது. பெண்டிர், சிறுவர், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளர் ஆகியோர் தம் வருவாய் எவ்வளவாயினும் கட்டணமின்றி வழக்கறிஞரைப் பெறலாம். ஏனையோர் வருவாய் வரம்புக்கு உட்பட்டுப் பெறலாம். வாடகை, பாகம், கடன் ஆகியவை பற்றிய பிணக்குகளை இருவரும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளலாம். அங்கே எழுதப்படும் சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது. அதன்மேல் மேல்முறையீடு இல்லை. ஆகவே அதனையும் கையெழுத்திடுமுன் ஒரு முறை முழுமையாகப் படிக்கச் சொல்லிக் கேட்டல் வேண்டும்.